கோத்தகிரியில் ஒரு வாசகர் வட்டம்

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். சிறு தேயிலை விவசாயி, கொழுந்து பறிக்கும் அக்கா, கல்லூரி மாணவி என்று பலரும் வருவார்கள். அண்மையில் படித்த இரண்டு நாவல்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலாவது, ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. எருமையும் ராகியும் சாமையுமாக இருந்த, நீலகிரிப் படகர் மக்களின் ஊரான ஹட்டிக்குள் தேயிலையும் காசும் நுழைந்த கதை. கதையின் ஜோகி மண்ணையும் பழைய முறையையும் விடாதவன். எங்கள் விவசாயி படகர்தான். அவருக்கு ஜோகியைப் பிடித்தது, ஆனால் முழுதாக ஒப்பவில்லை. "சாமை வித்து என்னை யாரு படிக்க வச்சிருப்பா? தேயிலைதானே படிக்க வச்சுது" என்றார். "இன்னைக்குப் பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்குது, சொல்லுங்க மாமா" என்று மாணவி கேட்டாள். அன்று பேச்சு இருட்டும் வரை போனது.

அடுத்தது 'எரியும் பனிக்காடு'. பி.எச்.டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா.முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி நீட்டிய முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தோட்டத்துக்குப் போகும் கருப்பனும் வள்ளியும், கடன் தீராமல் ஊர் திரும்ப முடியாமல் தவிக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு வாசிக்கச் சிரமம் என்பதால் வாய்விட்டே படித்தோம். அட்டைக்கடி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். காலில் சுண்ணாம்பு தடவிக்கொள்வதையும், இடுப்பில் கட்டிய சாக்கு மழையில் ஊறிக் கனப்பதையும் கையால் காட்டினார். "எழுதினவரு தோட்டத்துல இருந்தவராத்தான் இருக்கணும்" என்றார். டேனியல் தோட்டத்து டாக்டர் என்பதை அதன் பிறகுதான் சொன்னோம்.

அக்காவின் குடும்பம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி அங்கிருந்து திரும்பியது. ஆனைமலைக் கதை கேட்டவர், தாத்தா கண்டியில் பட்டதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பல வருடமாக அவர் கொழுந்து பறிப்பது நம் விவசாயியின் தோட்டத்திலும்தான். "இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையேக்கா" என்றார் விவசாயி. "நீங்க எங்க கேட்டீங்க?" என்றார் அக்கா, கோபமே இல்லாமல்.

இந்த இரண்டு நாவலையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறுதியானது. ஒரே தேயிலைச் செடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்பவர்கள் இந்த இரண்டு கதையின் மக்களும். தனியாகப் படித்திருந்தால் அவரவர் துயரத்தோடு மூடி வைத்திருப்போம்.

அடுத்த கூட்டத்தில் 'குறிஞ்சித்தேன்' முதல் அத்தியாயத்தை அக்காவுக்காக மறுபடி வாசிக்கிறோம். பக்கத்து ஹட்டி, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருப்பவர்கள் தாராளமாக வாருங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசித்துக் காட்ட நாங்கள் இருக்கிறோம். நன்றி, வணக்கம்.