மறுகாலுக்கு வழி விடுங்கள்

கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி வளாகத்தை நமக்காகத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, நகராட்சி உறுப்பினர்களே, முன்னாள் ஊராட்சித் தலைவர்களே, பாசன சங்கத்து அண்ணாச்சிமார்களே, பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். சட்டமன்ற உறுப்பினர் வந்துகொண்டே இருப்பதாக ஆறு மணியிலிருந்து சொல்கிறார்கள். சரி, அவருக்கும் சேர்த்தே வணக்கம். எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் தம்பி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசினார், அதனால் விட்டுவிடுகிறேன்.

காலநிலை மாற்றத்தில் நம் மக்கள் பிரதிநிதிகள் செய்ய வேண்டியவை என்று மூன்று விஷயங்கள் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று குளம், இரண்டு மின்சாரம், மூன்று வெயில்.

குளத்திலிருந்து தொடங்குகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடி மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுக்க நமக்குப் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நகர முடியாமல் நின்றது. ஏரல் மூழ்கியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் வந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்கிறது அறிவியல். அத்தனையும் ஒரு நாள் மொத்தமாக இறங்கினால் என்ன ஆகும் என்று நாம் பார்த்துவிட்டோம். எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று. வெள்ளம் வடிந்த பிறகு ஆய்வுக் கூட்டம் போடுவதும் அந்த நமஸ்காரம்தான்.

அந்த வெள்ளத்தில் எங்கள் சித்தப்பா கதை ஒன்று உண்டு. ஓய்வூதியப் பணத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர். அது பழைய ஓடை என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். "அங்கீகாரம் வாங்கியிருக்கோம்லா" என்பார். பதினெட்டாம் தேதி காலையில் கீழ்வீடு முழுக்கத் தண்ணீர், மனிதர் மொட்டைமாடியில். கடற்கரை ஊரிலிருந்து மீன்பிடிக்கிற பையன்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒவ்வொரு வீடாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தி ஏறிவிட்டார். பேரப்பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆடு கூட ஏறிவிட்டது. சித்தப்பா ஏறவில்லை. இரும்புப்பெட்டி இல்லாமல் வரமாட்டேன் என்கிறார். உள்ளே நகையா, பணமா? இல்லை, வீட்டுப் பத்திரம். பையன்களும் பொறுமையாகப் பெட்டியை ஏற்றினார்கள். படகு தெருமுனையைத் தாண்டும்போது முன்னால் நின்று கம்பு ஊன்றிய பையன் தடுமாறிவிட்டான். "அண்ணாச்சி, கம்பு தரை தட்ட மாட்டேங்கு. இது தெருவா, ஓடையா?" சித்தப்பா அந்த நிலையிலும் விடவில்லை. "தெருதாம்ப்பா. பத்திரம் இருக்கு." பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "அப்போ பத்திரத்தைத் தண்ணிகிட்ட கொஞ்சம் காட்டுங்க அண்ணாச்சி, வழி விடுதான்னு பாப்போம்."

சிரியுங்கள், தப்பில்லை. சித்தப்பாவே இதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் அந்த மனைக்கு அங்கீகாரம் கொடுத்த கை யாருடையது? எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. எல்லாக் கட்சிக் கொடியும் ஓடைப் புறம்போக்கில் ஏதாவது ஒரு கம்பத்தில் பறக்கிறது.

தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள். அவற்றை நம்பித்தான் கடம்பா குளம் மாதிரி எத்தனையோ குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போக வேண்டும், கடைசிக் குளம் நிறைந்தால் கடலுக்கு. இன்று மறுகாலில் சீமைக்கருவேலம், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் அமலைச்செடி, கரையில் கட்டடம். மழை பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே அடைப்பு.

சட்டம் இல்லையா? ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணை நீர் மேலாண்மையை ஊராட்சிகளுக்கு ஒதுக்கக்கூடிய பொறுப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2024இல் சொல்லிவிட்டது. தொகுதி மேம்பாட்டு நிதியாக நாடாளுமன்ற உறுப்பினருக்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் இருக்கிறது. நிழற்குடை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் உங்கள் பெயரை எழுத இடம் இருக்கிறது, மறுகாலில் இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது. வேண்டுமானால் மறுகால் ஓரத்திலும் ஒரு கல்வெட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாங்களே மாலை போடுகிறோம்.

அடுத்து மின்சாரம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, பக்கத்தில் உடன்குடியில் 660 மெகாவாட்டில் இரண்டு, எல்லாம் நிலக்கரி. கயத்தாற்றுப் பக்கம் போனால் காற்றாலைகள் சுழல்கின்றன, வெயிலுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. 2070க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்ஜியமாக்குவோம், அதாவது வெளியே விடுகிற அளவையும் திரும்ப உறிஞ்சப்படுகிற அளவையும் சமமாக்குவோம் என்று கிளாஸ்கோவில் நம் பிரதமர் அறிவித்தது 2021இல். 2070இல் இந்த மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இருப்போம்? சட்டமன்றத்தில் எழுந்து, எந்த அலகை எந்த வருஷம் நிறுத்தப்போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதற்குப் பதில், கண் இருக்கும்போதே கூரையில் நாலு சூரியத் தகடு போடலாம்.

இதை விரிவாகப் பேசத்தான் வந்தேன். தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிடம், ஐயா.

வெயிலைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கோரிக்கை ஒன்றுதான்: வடகால், தென்கால் குளங்கள் ஒவ்வொன்றின் வரத்துக்காலையும் மறுகாலையும் அளந்து, அளவையும் ஆக்கிரமிப்பையும் போட்ட வரைபடத்தை அந்தந்த ஊர் கிராம சபையில் வைக்க வேண்டும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். கையெழுத்துப் போடுபவர்கள் ஊர்ப் பெயரோடு குளத்தின் பெயரையும் எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினருடைய வண்டி வாசலுக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். முதல் கையெழுத்துக்கான இடத்தை அவருக்காகவே காலியாக விட்டிருக்கிறோம், பேனாவும் அங்கேயே இருக்கிறது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.