அரிசி மூட்டை கொடையா, லஞ்சமா? பகாவிலிருந்து வந்த கேள்வி

வணக்கம். பகாவிலிருந்து ஓர் அம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். தேர்தல் நேரத்தில் அவர் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்தில் உள்ள கோயில் மண்டபத்தில் அரிசியும் சமையல் எண்ணெயும் கொடுத்தார்களாம், இவரும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார், மகன் அதற்கு "இது லஞ்சம், ஏன் வாங்கினே" என்று சண்டை பிடிக்கிறாராம். "கொடுத்தவரு நல்ல மனுஷன்தாங்க ஐயா, இது கொடையா லஞ்சமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். கேட்டதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் இருக்கிறது. ஓட்டைத் திருப்பும் நோக்கத்தோடு சாப்பாடோ பணமோ பொருளோ கொடுப்பது அதன்படி குற்றம், அந்த உள்நோக்கத்துக்கு உடன்பட்டு வாங்குவதும் குற்றம். ஆனால் அம்மா, நோக்கம் மனசுக்குள் இருக்கிறதே, அதை மண்டபத்து வாசலில் நின்று யார் அளப்பது?

நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியும், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன். வாங்கினவர் மறுநாளே கொடுத்தவர் முன்னால் நின்று "நீங்கள் செய்வது சரியில்லை" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது கொடை. வாய் அடைத்துப்போனால் அது கடன்தான், என்ன பெயர் வைத்தாலும்.

2010இல் சரவாக்கில் சிபு இடைத்தேர்தல் நடந்தது. அப்போதைய பிரதமர் நஜிப் மேடையில் ரெஜாங் பார்க் வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் ரிங்கிட் என்றார், கூடவே நீங்கள் எனக்கு உதவினால் நான் உங்களுக்கு உதவுகிறேன் என்று வெளிப்படையாகவே பேரம் பேசினார். அது மக்கள் வரிப்பணம்! அந்தத் தொகுதியில் ஆளுங்கட்சி தோற்றது, அது வேறு கதை. சங்க காலத்தில் வள்ளல் ஆய் அண்டிரனைப் புலவர் முடமோசியார் பாடும்போது, இங்கே கொடுத்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிற அறவிலை வணிகன் இவன் இல்லை என்றுதான் புகழ்கிறார். மறுபிறவியை எதிர்பார்த்துக் கொடுப்பதையே வியாபாரம் என்று சொன்ன மரபு நம்முடையது. வருகிற தேர்தலை எதிர்பார்த்துக் கொடுப்பதை அது என்ன சொல்லும்?

அதற்காக எல்லாரையும் திட்ட மாட்டேன். கோயில் மின்விசிறியில் அப்பா பெயரை எழுதி வைக்கிறார்கள், அதைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. செத்துப்போன அப்பாவை ஊர் நினைக்கட்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுகிறான், அந்தக் காற்று வாங்கினவர் அவனுக்கு எதுவும் கடன்பட்டவர் இல்லை.

அப்புறம் 2021, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி இயக்கம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுக்கு வழி இல்லாத வீட்டில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கம் உதவும். இனம் பார்க்காமல் கொடுத்தார்கள், இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் கொடி கட்டக் கூச்சப்பட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் சுங்கை சிப்புட்டில் நாசி லெமாக் விற்கிற ஓர் அக்கா, அப்படிப்பட்ட வீடுகளாகப் பார்த்து, விடியும் முன்னே கேட்டில் பொட்டலத்தை மாட்டிவிட்டுக் கூப்பிடாமலே போய்விடுவார். படம் எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

சரி, சுங்கை சிப்புட் என்றதும் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் எல்லாரும் பெரிய மனுஷன் கொடுப்பதைப் பற்றியே கேட்கிறீர்கள். இல்லாதவர்கள் சேர்ந்து கொடுத்ததைப் பற்றி ஏன் யாருமே கேட்பதில்லை? சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது நம் ஆட்கள் வேலையோடு லயத்து வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். 1960இல், இதே ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக, அதாவது ரிங்கிட்டாக, போட்டார்கள், அன்றைக்கு அது சில நாள் கூலி. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில்தான் வாங்கினார்கள். தன் தோட்டம் விற்கப்படாதவனும் போட்டான், முகம் தெரியாத இன்னொரு தோட்டத்துக்காரன் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்று! நான் சொன்ன அதே சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். பணம் போட்டவன் பங்குதாரர், பொதுக்கூட்டத்தில் எழுந்து தலைவரையே கேள்வி கேட்கலாம்.

அதனால் பகா அம்மா, அரிசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், சமைத்துச் சாப்பிடுங்கள். ஓட்டு உங்களுடையது, மகனிடமும் அதையே சொல்லுங்கள். அடுத்த முறை அந்த ஒய்.பி., அதாவது உங்கள் மக்கள் பிரதிநிதி, மண்டபத்துக்கு வந்தால் வீட்டு மனைப் பட்டா என்ன ஆச்சு என்று எல்லார் முன்னாலும் கேளுங்கள். மற்றவர்கள் யார் வீட்டிலாவது தாத்தா பாட்டி வைத்திருந்த அந்தக் காலத்து நில நிதிச் சங்கப் பங்குப் புத்தகம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அதைப் பற்றி ஒரு முழுப் பேச்சே பேச வேண்டும்.