சாமி ஏன் காப்பாத்தல?

அவையோருக்கு வணக்கம்.

சாவு வீட்டில் பந்தல் போடுகிறவருக்கும் ஐஸ் பெட்டி கொண்டுவருகிறவருக்கும் அவரவர் வேலை தெரியும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அம்மா இறந்ததை எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். ஒப்பாரிச் சத்தம் அங்கேயும் கேட்கும்.

"அம்மா தூங்குறாங்க" என்பார்கள். ‘உறங்குவது போலும் சாக்காடு’ என்று வள்ளுவர் சொன்னது, ‘போலும்’ என்பதன் பொருள் தெரிந்த நமக்கு. ஐந்து வயதுக்கு உவமை பிடிபடாது. அன்று ராத்திரியிலிருந்தே தூங்கப் பயப்படலாம். அப்பா கண்ணை மூடினால் உலுக்கி எழுப்பலாம். "நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்றால், நாம் நல்ல பிள்ளையாக இருக்கக்கூடாது என்று எடுத்துக்கொள்ளும்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நெருக்கமானவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா செத்துட்டாங்க. இதயம் நின்னுடுச்சு. இனிமே மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டாங்க." இவ்வளவு போதும். பிறகு, "நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். தப்பாகப் புரிந்தது அப்போதுதான் வெளியே வரும். கேட்டுவிட்டு விளையாட ஓடினால், ‘பாசமே இல்ல’ என்று எந்த அத்தையும் சொல்ல வேண்டாம். பிள்ளை துக்கத்தைச் சிறுகச் சிறுகத்தான் தாங்கும். நாளைக்கும் அதையே கேட்கும். அதே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

"நான் கும்பிட்டேனே, சாமி ஏன் காப்பாத்தல?" பக்தி உள்ள வீட்டில் இதற்கு, "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைப்பார்கள். பகுத்தறிவு பேசும் வீட்டில், "சாமியே இல்லைன்னு அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். இரண்டும் கேள்வியைத் தவறவிடுகின்றன. சின்ன வயதில், மனதில் நினைத்தாலே நடந்துவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. ‘நான் சரியாக் கும்பிடலையோ? கோவத்துல செத்துப்போன்னு திட்டினேனே, அதனாலயா?’ என்பதுதான் உள்ளே குடைகிறது. அதற்கு நேராக, "நீ திட்டினதாலயோ கும்பிடாததாலயோ இது நடக்கல" என்று சொல்லி, நோயின் பெயரையும் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளை சாமி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம். பதற வேண்டாம். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு என்று கண்ட பக்குடுக்கை நன்கணியார், படைத்தவனையே ‘பண்பிலாளன்’ என்று புறநானூற்றில் ஏசியிருக்கிறார். நாத்திக வீட்டுப் பிள்ளை அம்மாவை நட்சத்திரத்தில் தேடினாலும் திருத்த ஓடாதீர்கள்.

பாட்டி காக்கைக்குச் சோறு வைப்பார், அப்பா வைக்கமாட்டார். அப்போது, "அம்மா காக்கையா வருவாங்கன்னு பாட்டி நம்புறாங்க. எனக்கு அந்த நம்பிக்கை இல்ல. நீ வைக்கணும்னா வை" என்று யார் நம்பிக்கை எது என்பதைச் சொல்லிவிடலாம். பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு சண்டை மட்டும் கூடாது. கொள்ளி வைக்கச் சொல்வதானால், அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே விளக்குங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

"நானும் அம்மாகிட்ட போறேன்" என்பது பெரும்பாலும் ஏக்கம். ஆனாலும், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றாலோ, எப்படிப் போவது என்று பேசினாலோ, தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கடைசியாக, சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது வரும் கேள்வி: "அம்மாவுக்குச் சுடுமா?" சுடாது, செத்த உடம்புக்குச் சூடு தெரியாது. இதைப் பாட்டியும் சொல்லலாம், அப்பாவும் சொல்லலாம்.