டவுன் சென்டர் சும்மா நிக்கக் கூடாது

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, இந்தப் போட்டியை நடத்துற குழு நண்பர்களே, எனக்கு முன்னாடி அருமையா பேசிட்டு உக்காந்திருக்குற செயலாளர் அண்ணன் அவர்களே, தொண்டை கட்டினாலும் விடாம மேட்ச் கமென்ட்ரி சொல்ற அக்கா அவர்களே, முன் வரிசையில இருக்குற மூத்த பிளேயர்களே, இடம் கிடைக்காம பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற புது தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம். யார் பேரையாவது விட்டிருந்தா மன்னிக்கணும். தலைவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம போனா மனசு கேக்காது, 1999-ல, ஊரைக் கட்டி படை சேத்து சண்டை போடுற நம்ம கம்ப்யூட்டர் கேம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்த காலத்துல இருந்து ஆடுறவரு, 2019-ல அதைப் புதுப்பிச்சு டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தப்புறமும் விடல, ஆனா அதுக்காக நான் அவரை மதிக்கல, புதுசா ஒருத்தர் சின்ன சந்தேகம் கேட்டாக்கூட தன் வேலையை வச்சுட்டு பதில் சொல்வாரு பாருங்க, அதுக்காகத்தான்.

இன்னைக்கு அஞ்சு விஷயம் பேசலாம்னு குறிச்சிட்டு வந்திருக்கேன். வில்லேஜர் கணக்கு, அதாவது வேலை செய்யுற ஆளுங்க கணக்கு, ஹாட்கீ, மேடு பள்ளம், எந்தப் படைக்கு எந்தப் படை, கடைசியா மாங்க்ங்கிற சாமியாரும் ரெலிக்ங்கிற புனிதப் பொருளும்.

எங்க பாட்டி அடிக்கடி சொல்லும், ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு. இந்த கேமுக்கு அதைவிட நல்ல டிப்ஸ் எனக்குத் தெரியாது. ஸ்டாண்டர்ட் கேம்ல 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல்லு கையில கொடுக்குறான், மூணு வில்லேஜர், மேப்பைச் சுத்தி வேவு பாக்க ஒரு ஸ்கவுட். டவுன் சென்டர்ங்கிற ஊர் நடுக் கட்டடத்துல ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 செகண்ட். ஒரு வீட்டுக்கு 25 மரம், அஞ்சு பேருக்கு இடம். இந்த நாலு நம்பர் மனசுல நின்னுட்டா பாதி கிணறு தாண்டியாச்சு. புதுசா வர்றவங்க யூடியூப்ல யானைப்படை மோதுறதைப் பாத்துட்டு நேரா சண்டைக்கு ஆசைப்படுறாங்க, தப்பில்ல, ஆனா பெரும்பாலான கேம் சண்டையில தோக்குறதில்ல, முதல் பத்து நிமிஷத்துல வீட்டுலயே தோத்துடுது.

என் கதையைச் சொல்றேன். ஆட ஆரம்பிச்ச முதல் மாசம், கம்ப்யூட்டரை ஈஸியில நாலஞ்சு தடவை ஜெயிச்சுட்டு, முன்பின் தெரியாத ஒருத்தரோட ஆன்லைன்ல உக்காந்தேன். ஆடுங்க வந்துச்சு, ஆளுக்கு ஒண்ணுன்னு எல்லாரையும் அனுப்பினேன். காட்டுப்பன்னி தெரிஞ்சுது, ஒரே ஒரு ஆளை அனுப்பினேன், அவன் திரும்பி வரவே இல்ல. அப்புறம் ஸ்கவுட் பின்னாடியே மேப் முழுக்க சுத்திக்கிட்டிருந்தேன், இருட்டு விலகி விலகி காடு தெரியும்போது கண்ணை எடுக்க முடியாது, ஆடுனவங்களுக்குத் தெரியும். திடீர்னு அவரோட வில்லாளிங்க வந்து என் மரம்வெட்டிங்களை ஒவ்வொருத்தரா சாய்ச்சாங்க. தோத்துட்டேன். வெளிய போகப் போறேன், மெசேஜ் வருது, "ரெக்கார்டிங் இருக்கு, சேர்ந்து பாக்கலாமா?"ன்னு. பாத்தோம். அந்த மனுஷர் சண்டையைக் காட்டவே இல்லைங்க. ஆறாவது நிமிஷத்துல நிறுத்தினாரு. "மேல பாருங்க"ன்னாரு. ஜனத்தொகை 10/10னு நிக்குது. வீடு கட்டல, அதனால டவுன் சென்டர்ல ஆள் வரல, நான் ஸ்கவுட்டோட காட்டுல இருக்கேன். ஓட்டிப் பாத்தோம், 4 நிமிஷம் அப்படியே நின்னிருக்கு. 25 செகண்டுக்கு ஒரு ஆளுன்னா நீங்களே கணக்குப் போடுங்க, ஒன்பது வில்லேஜர். அந்த ஒன்பது பேரும் வெட்டாத மரம், பறிக்காத பழம், எல்லாம் போச்சு. அப்புறம் கீழ காட்டினாரு, நாலு ஆடு ஒரே நேரத்துல வெட்டிக் கிடக்கு, இறைச்சி தானா குறைஞ்சுக்கிட்டே போகுது. "ஒண்ணை வெட்டுங்க, அது முடிஞ்சதும் அடுத்தது, அதையும் டவுன் சென்டர் வாசல்லயே வச்சு வெட்டுங்க, தூக்கிட்டு நடக்குற நேரம் மிச்சம்"னாரு. பன்னியை ஒருத்தன் ரெண்டு அம்பு விட்டு இழுத்துட்டு ஓடி வரணும், வாசல்ல மத்தவங்க எல்லாரும் சேர்ந்து அடிக்கணும், 340 உணவு. பயமா இருந்தா முதல்ல 50 தங்கத்துக்கு லூம்ங்கிற மேம்பாட்டைப் போட்டுக்கோங்க, வில்லேஜரோட உயிர் 25-ல இருந்து 40 ஆகும். இதெல்லாம் அன்னைக்கு அரைமணி நேரத்துல அவர் சொன்னது. ஆத்துல போட்டாலும் அளந்து போடு. பாட்டி சொன்னது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

ஹாட்கீ சுருக்கமா. ஹெச் அமுக்கினா டவுன் சென்டர், புள்ளி அமுக்கினா சும்மா நிக்கிற வில்லேஜர். இந்த ரெண்டும் விரலுக்குப் பழகினா போதும், மத்தது தானா வரும். டவுன் சென்டரை செலக்ட் பண்ணி ஆட்டு மேலயோ மரத்து மேலயோ ரைட் கிளிக் பண்ணி வச்சா புதுசா வர்ற ஆள் நேரா வேலைக்குப் போயிடுவான். மேட்டுல நின்னு அடிச்சா 25 சதவீதம் கூடுதல் அடி, கீழ இருந்து அடிச்சா 25 சதவீதம் குறைச்சல், அதனால துரத்திக்கிட்டு மேடு ஏறாதீங்க. குதிரைக்கு ஈட்டி, வில்லுக்கு ஸ்கர்மிஷர்ங்கிற ஈட்டி எறியுற ஆளு. இன்னொண்ணு, 2022-ல திராவிடியன்ஸ்ங்கிற நாகரிகம் கேம்ல வந்ததும் நம்ம ஆளுங்க பாசத்துல அதையே எடுக்குறாங்க, எனக்கும் அந்தப் பாசம் உண்டு, ஆனா அதுல நைட்ங்கிற பலமான குதிரைப்படை கிடையாது, குதிரையை நம்பி ஆடப் பழகுறவங்க பாத்து எடுங்க.

இப்போ மூத்தவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், உண்மையில நான் மேடை ஏறினதே இதுக்காகத்தான். அன்னைக்கு அந்த மனுஷர் "நூப்"னு, அதாவது ஒண்ணும் தெரியாதவன்னு, ஒரு வார்த்தை டைப் பண்ணிட்டுப் போயிருந்தா நான் அன்னைக்கே அன்இன்ஸ்டால் பண்ணியிருப்பேன். நம்ம லாபியில, அதாவது ஆன்லைன்ல ஆட ஆள் சேர்ற இடத்துல, அதுதான் நடக்குது. புதுசா ஒரு பையன் வர்றான், டீம்ல சேர்றான், பத்து நிமிஷத்துல விழுறான், அவன் டீம் ஆளுங்களே திட்டுறாங்க, ரெண்டு மேட்ச்ல காணாம போயிடுறான். அப்புறம் ஆள் வரலைன்னு நாமளே புலம்புறோம். டிப்ஸ் எழுதிப் போட்டா பத்தாதுங்க, படிச்சுட்டு மறந்துடுவாங்க. அவங்க தோத்த கேமை அவங்க பக்கத்துல உக்காந்து ஓட்டிக் காட்டணும். வாரத்துக்கு ஒரு ரெக்கார்டிங், அரைமணி நேரம், ஒரு மூத்தவர், ஒரு புதியவர். அதிலயும் பாட்டி கணக்குதான், அறிவுரையையும் அளந்து போடுங்க, ஒரு தடவைக்கு ஒரு தப்பை மட்டும் காட்டுங்க, இருபதைக் காட்டினா பையன் ஓடிடுவான்.

மாங்க், ரெலிக் பத்திப் பேசணும், தலைவர் மணியைக் காட்டுறாரு, நேரம் ஆயிடுச்சு. வாசல்ல மேசை மேல ஒரு நோட்டு வச்சிருக்கேன். வலது பக்கம் கத்துக்க வர்றவங்க பேர், இடது பக்கம் சொல்லிக் கொடுக்குறவங்க பேர். காலையில இருந்து வலது பக்கம் 11 பேர் எழுதியிருக்காங்க, இடது பக்கம் தலைவர் பேரும் என் பேரும் மட்டும்தான் இருக்கு. பேனா அங்கேயே கட்டி வச்சிருக்கு, போகும்போது எழுதிட்டுப் போங்க. நன்றி, வணக்கம்.