நிலாவெளிக்கு அப்பால் ஒரு வானொலி நிலையம்

நேயர்களுக்கு வணக்கம்.

மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸ். பழைய றேடியோப் பெட்டியின் முள்ளை வலப்பக்கக் கடைசிவரை திருப்பிப் பழகியவர்களுக்கு இந்த எண் ஞாபகம் இருக்கும். திருகோணமலையில், நிலாவெளிக்கு வடக்கே, கடலோரம் நின்ற கோபுரங்களிலிருந்து அந்த ஒலி போனது. 1984இல் ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லே அங்கே தன் அஞ்சல் நிலையத்தை, அதாவது மறு ஒலிபரப்பு நிலையத்தை, தொடங்கியது. ஜேர்மனியில் பேசியது இங்கு வந்துசேரும். நம் கரையிலிருந்து ஆசியா எங்கும் போகும். சிற்றலையும் இருந்தது, மத்திய அலையும் இருந்தது. மத்திய அலைக்கு மட்டும் 400 கிலோவாட் வலு.

ஏன் திருகோணமலை? கடல்தான் காரணம் என்பேன். காய்ந்த தரைக்கு மேலே போகும் மத்திய அலை சீக்கிரம் தளர்ந்துவிடும். உப்புநீருக்கு மேலே வெகுதூரம் ஓடும். நமக்கு முன்னால் வங்காள விரிகுடா முழுவதும் திறந்து கிடக்கிறது. பிரித்தானியக் கடற்படை தன் கம்பியில்லாத் தந்திக்கு இந்த ஊரைப் பயன்படுத்தியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரவில் இன்னும் தூரம் எட்டும். பகலில் சூரிய ஒளியால் மேல்வளியில் உருவாகும் ஒரு படை, அதாவது ஓர் அடுக்கு, மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுதுபட்டதும் அந்தப் படை கலையும். அதற்கும் மேலே உள்ள படையில் பட்டு அலை கீழே திரும்பும். பகலில் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் இரவு தெளிவாக ஒருவர் செய்தி வாசிப்பார். கொஞ்ச நேரத்தில் குரல் தேயும், பிறகு மெல்ல ஏறி வரும். மாரி காலத்தில் மின்னல் வெட்டும்போதெல்லாம் பெட்டி 'படார்' என்று வெடிக்கும். அப்படியும் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டோமே!

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த ஆண்டுகளில் ஜேர்மன் வானொலிக்கு இந்தி, உருது, வங்காளச் சேவைகள் இருந்தன. தமிழ்ச் சேவை இருக்கவில்லை. இவ்வளவு வலுவுள்ள கோபுரம் நம் மண்ணில் நின்றது. சுற்றிவர இருந்த சனம் பேசிய மொழிக்கு அதில் இடமில்லை. அதே காலத்தில், 1989இல், கொத்மலையில் ஒரு சிறிய சமூக வானொலி தொடங்கியது. நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த மக்களுக்கு அது தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் இடமானது. அக்கரைப்பற்றிலிருந்து ஒலிக்கும் பிறை எப்.எம். கேட்கும்போதும் அதைத்தான் நினைப்பேன். வலு குறைந்த நிலையம்தான். ஆனாலும் பேசுபவர் யாருடைய பிள்ளை என்று கேட்பவருக்குத் தெரியும்.

போர்க்காலம் கடந்தது, சுனாமி வந்து போனது. உலகம் இணையத்துக்கு மாற, ஜேர்மன் வானொலி சிற்றலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. 2013இல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது.

ஜேர்மன் வானொலியின் வரலாற்றில் திருகோணமலைக்கு ஒரு வரி கிடைக்கும். இரவு முறைக்குப் போன நம் ஊர்த் தொழிலாளரின் பேச்சு அதில் இராது. கலவர நாட்களில் எந்த வழியால் வேலைக்குப் போனார்கள், இடி விழுந்தால் முதலில் எதை நிறுத்தினார்கள், ஒலிபரப்பு தடைப்பட்டால் யார் ஓடினார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு. அங்கே வேலை செய்த அண்ணன்மார், அக்காமார், ஐயாமார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த நிலையத்துக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு நானே வீடு தேடி வருகிறேன். பழைய அடையாள அட்டை, படம், வேலைமுறைக் குறிப்பேடு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.