பழி சொல்லாமல் பிரியலாம்

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பிரிந்து வாழும் கணவன் மனைவி ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லாமல் விவாகரத்து வாங்குவது நல்லதா, கெட்டதா? நல்லது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, "கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர், அதை அறுக்கச் சட்டமே அரிவாள் கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். அண்ணாச்சி, தாமிரபரணிக் கரையில் கார் நெல் கருகிப்போனால் அடுத்த போகமான பிசானத்துக்கு உழுகிறோம். கருகியது யார் தப்பு என்று முடிவு கட்டினால்தான் ஏர் பூட்டலாம் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லையே!

முக்கூடல் பக்கம் என் பெரியம்மா மகள், பீடி சுற்றுகிறவள், ஏழு வருடம் தாய்வீட்டில் இருந்தாள். வக்கீலிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"அடிப்பாரா?"

"இல்ல சார்."

"குடியா? வேற தொடர்பு?"

"ஒண்ணும் கிடையாது. எங்களுக்கு ஒத்து வரல."

ஒருவர் மட்டும் மனுப் போட்டால் சட்டம் காரணம் கேட்கும். ஏதாவது எழுதினால்தான் வழக்கு நிற்கும் என்றார் வக்கீல். புகையிலைத் தூள் படிந்த விரலால் முந்தானையை முறுக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: "நாளைக்கு எம்மவன் இதைப் படிப்பான் சார். அவங்க அப்பாவைப் பத்திப் பொய் எழுதிட்டு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அப்புறம் பெரியவர்கள் பேசி அத்தானும் வந்தார். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்தே மனுப் போட்டார்கள். ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும், இருவருக்கும் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் மனுவில் அடி, குடி என்று ஒரு வரி இல்லை.

"நேற்றுச் சண்டை, இன்றைக்கு விவாகரத்தா?" என்றும் எதிரணியில் கேட்டார்கள். அந்த ஓராண்டு போக, மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இனிச் சேரவே வழியில்லை என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. அதற்குத்தான் நீதிபதி இருவரையும் விசாரிக்கிறார். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

என் கவலை வேறு. அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் இன்னொரு பெண்ணுக்கு இந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது. பிரிந்து ஒன்பது வருடம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மீளவே முடியாதபடி முறிந்த திருமணத்தை, ஒருவர் சம்மதிக்காவிட்டாலும், அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி ரத்து செய்யலாம் என்று 2023 மே 1 அன்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். பீடிக்கூலியை வைத்துக்கொண்டு அவள் டில்லிக்குப் போவாளா? முறிந்துபோன திருமணத்தையே ஒரு காரணமாகச் சட்டத்தில் சேருங்கள் என்று 1978-லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. இன்னும் சேர்க்கவில்லை.

அவள் வழக்கை நம்ம நெல்லையிலேயே, பழி சொல்லாமல், முடிக்க வழி வேண்டும் நடுவர் அவர்களே. நன்றி.