தலைவலி மாத்திரை வாங்கி வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். இன்று அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றி, அதாவது பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கர்ப்பம் ஏற்படாமல் தடுக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன். பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். அவர்களுக்கும் ஒருநாள் உதவும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். மடியில் ஏழு மாதக் குழந்தை. கூட்டம் கலையும்வரை காத்திருந்து உள்ளே வந்த அந்தப் பெண், மேசை விரிப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆணுறை கிழிஞ்சிடுச்சு டாக்டரம்மா."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி."

அன்று வியாழன். கணவர் இந்த மாத்திரை வாங்கத் திங்கட்கிழமையே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே மாமா முறையில் ஒருவர் நின்றிருந்தாராம். வாய் வரவில்லை. தலைவலி மாத்திரை ஒரு பட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்! செவ்வாய்க்கிழமை வேறு கடை. "கருவைக் கலைக்கிற மாத்திரையா? டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டோம்." புதன்கிழமை இன்னொரு கடை. இருப்பு இல்லை.

இரண்டாவது கடைக்காரர் சொன்னாரே, அதைத்தான் பல வருடமாக மறுத்துக்கொண்டிருக்கிறேன். கலைக்கிற மாத்திரை வேறு, இது வேறு. கலைப்பதற்கு மிஃபெப்ரிஸ்டோன், அதற்குத்தான் டாக்டர் வேண்டும், சீட்டும் வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். சினைமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை காத்திருக்கும். முட்டை வராவிட்டால் செத்துப்போகும். கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மறுபடி சொல்கிறேன், கலைக்காது. 2005 முதல் நம் நாட்டில் இதற்குச் சீட்டு தேவையில்லை.

தேவையானது வேகம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். முந்தினால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 24 மணி நேரத்தில் சாப்பிட்டவர்களுக்கு, ஏற்பட்டிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் சாப்பிட்டவர்களுக்கு 58தான். அந்த மாமாவுக்குப் பயந்த திங்கட்கிழமையின் விலை அது.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்கிறீர்களா? 72 மணி நேரம் தாண்டிவிட்டதால், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்டோம். ஐந்து நாளுக்குள் போட்டால் மாத்திரையைவிட நன்றாகவே காக்கும். பிறகு பல வருடம் கவலையும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். பால்வினை நோயை இது தடுக்காது. மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை. தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரைக்கு இது மாற்றல்ல, அதைப் பற்றி... சரி, இன்னொரு நாள். வணக்கம்.